ஒரு விளக்குக்கு ஏன் 96 ஆடு? பெரிய கோயில் கல்வெட்டுக் கணக்கு

நவம்பர் 9 – கேள்வி

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு என்று திரும்பத் திரும்ப வருகிறது. சைவ சித்தாந்தம் சொல்லும் தத்துவங்கள் 96. ராஜராஜன் அதை மனத்தில் வைத்தே இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தான் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். இன்னொரு சந்தேகமும் உண்டு: ஆட்டைக் கொடுத்தால் விளக்கு எப்படி எரியும்?

நவம்பர் 9, இரவு – பதில்

இரண்டாவது சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். கோயில் ஆட்டைக் கட்டி வளர்க்கவில்லை. ஆடுகள் இடையர் கைக்குப் போயின. வாங்கிக்கொண்டவர் நிசதம், அதாவது நாள்தோறும், ஓர் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும். பெரிய கோயிலில் அளவுக்கு, ராஜகேசரி என்ற மரக்காலோடு ஒக்கும் ஆடவல்லான் (ஆடும் சிவனின் பெயர்) என்ற மரக்கால் இருந்தது. எடைக்கு ஆடவல்லான் என்ற பெயரிலேயே ஒரு கல். ஒரே இறைவன் பெயரில் படியும் எடைக்கல்லும் இருந்தால், அளப்பவரும் வாங்குபவரும் அளவு பற்றிச் சண்டை போட இடமில்லை.

கொடை ஆடுகளைக் கல்வெட்டு 'சாவா மூவாப் பேராடு', சாகாத, மூப்படையாத ஆடு என்கிறது. இதைப் பலர் பக்திச் சொல்லாகப் படிக்கிறார்கள். நான் அதை ஒப்பந்த நிபந்தனையாகவே பார்க்கிறேன். கிழடு விழுந்தாலும் நோயில் செத்தாலும் இடையர் கணக்கில் 96 நின்றபடியே நிற்கும். விழுந்த இடத்தை அவர் குட்டியால் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பெருகும் குட்டிகள் அவருடையவை. தானத்துக்கு இட்ட காலக்கெடு 'சந்திராதித்தவற்', சந்திரனும் சூரியனும் உள்ளவரை. மூலதனம் குறையாது, வருமானம் நிற்காது. வைப்பு நிதிக்கு வேறு என்ன வேண்டும்?

நவம்பர் 10

96 தத்துவம் விஷயத்துக்கு வருகிறேன். தத்துவங்கள் 36, அவற்றிலிருந்து விரியும் தாத்துவிகங்கள் 60, ஆக 96 என்பது சரி. ஆனால் விளக்குக் கொடை தஞ்சாவூரில் தொடங்கியதல்ல. சோழநாட்டிலும் தொண்டை நாட்டிலும் 90 ஆடு கொடுத்த விளக்குகள் ஏராளம். பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் 50 ஆடும் 25 பசுவும் வருகின்றன. எல்லாம் சிவன் கோயிலும் அல்ல. பெருமாள் கோயில் விளக்குகளுக்கும் இதே மாதிரி ஆட்டுக்கணக்குதான். தத்துவம்தான் காரணம் என்றால் 90க்கும் 50க்கும் என்ன சொல்வது?

இன்னும் வலுவான சான்று பெரிய கோயிலிலேயே இருக்கிறது. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. பசு 48 என்றால் தத்துவம் பாதியாகிவிடுமா? இது பால்மாட்டின் விகிதம். 2 ஆடு ஒரு பசுவுக்குச் சமம், 3 பசு ஓர் எருமைக்குச் சமம். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், கறவையும் கூடுதல். அதனால் அதன் தலைக்கு 6 ஆடு.

நவம்பர் 10, மாலை

முகத்தல் அளவை கீழே இருக்கிறது. இது கையில் இல்லாமல் மேற்கொண்டு பேச முடியாது.

2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி, மரக்கால் என்பதும் இதுவே. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம்.

ஆக, ஒரு கலம் என்பது 12 மரக்கால், அதாவது 96 நாழி. உழக்கு என்பது கால் நாழி. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 11

நாளைக்குக் கால் நாழி நெய். ஆண்டுக்கு 365 நாள் என்றால் 91¼ நாழி. 360 நாள் என்று கணக்குப் பிள்ளை வழக்கப்படி எடுத்தால் சரியாக 90 நாழி.

90 ஆடு, 90 நாழி. ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய்.

96 ஆட்டுக்கும் இதே வீதத்தைப் போட்டால் ஆண்டுக்கு 96 நாழி, அதாவது முழுதாக ஒரு கலம். விளக்குக்கு வேண்டியது 91¼. மீதி 4¾ நாழி இடையருக்கு மூச்சு விட இடம். ஏதாவது ஒரு மாதம் பால் வற்றினாலும் சமாளிக்கலாம். கலத்தின் நாழியும் ஆட்டின் தலையும் இப்படிப் பொருந்துவதால், எண் பிறந்த இடம் நெய்ப்பானைதான் என்று நினைக்கிறேன். 'ஆடு ஒன்றுக்கு நாழி' என்பது நான் எண்களை வகுத்து வந்த முடிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் 11, இரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 90க்கும் 96க்கும் இன்னொரு வேறுபாடு உண்டு, அது பின்னத்தில். தமிழ்க் கணக்கு பாதி பாதியாக இறங்கும்: அரை, கால், அரைக்கால், வீசம். 96ஐ இறக்கினால் 48, 24, 12, 6. வீசம் வரை ஓர் ஆட்டைக்கூட வெட்ட வேண்டியதில்லை. 90இல் அரை 45, கால் என்றதுமே 22½. அரை ஆட்டை எந்த இடையரிடம் ஒப்படைப்பது?

இது வெறும் அழகுக்காகச் சொன்னதல்ல. அரை விளக்குக் கொடைகள் நிறைய. முழு விளக்குக்கு வசதியில்லாதவர் 48 ஆடு கொடுப்பார், இன்னொருவர் 48 கொடுத்து விளக்கை முழுதாக்குவார். ஒருவரே ஆட்டையும் பசுவையும் எருமையையும் கலந்து கொடுக்கும்போதும் 6க்கு 3க்கு 1 என்று கூட்டிச் சரிபார்க்க 96 வசதி. நூற்றுக்கணக்கான கொடைகளைக் கல்லில் ஏற்ற வேண்டிய கோயிலுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எட்டுச் சாண் உடம்பு, சாணுக்கு 12 விரல், ஆக 96 விரல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், அதுவும் 96தான். பாதியாகவும் மூன்றாகவும் வகுபடும் எண் என்பதால் முழம் போடுபவர், நெல் அளப்பவர், மாடு மேய்ப்பவர் எல்லாரும் அதையே நாடினார்கள். தத்துவ எண்ணோடு அது ஒத்துப்போனதில் பக்தர்களுக்கு மகிழ்ச்சி இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

நவம்பர் 13

"96 ஆட்டுப் பாலில் தினம் ஓர் உழக்கு நெய் நிஜமாகவே கிடைக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. போட்டுப் பார்ப்போம்.

பிற்காலத்துப் பட்டணம் படியில் ஆழாக்கு 168 மில்லி, உழக்கு 336 மில்லி. சோழர் நாழி இவ்வளவு பெரிது என்று கொள்ள வேண்டாம், இதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். 336 மில்லி நெய் சுமார் 306 கிராம். கடைவதிலும் உருக்குவதிலும் எட்டில் ஒரு பங்கு போகும். அப்படியானால் பாலில் 350 கிராம் கொழுப்பு வேண்டும். செம்மறிப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 விழுக்காடு. ஆக, நாளைக்கு 5 லிட்டர் பால்.

96இல் எல்லாம் ஒரே சமயத்தில் கறக்காது. ஆடு மூன்று, மூன்றரை மாதம் கறக்கும் என்றால், ஆண்டுச் சராசரியில் எந்த நாளிலும் 26, 27 ஆடுகள்தான் கறவையில் இருக்கும். தலைக்கு ஏறத்தாழ 190 மில்லி, அதுவும் குட்டி குடித்தது போக. நாட்டுச் செம்மறிக்கு இது இழுபறியான அளவு, ஆனால் நடக்காத காரியம் இல்லை. உழக்கு 200 மில்லி அளவில் இருந்திருந்தால் தலைக்கு 110 மில்லி போதும். அது வசதியாகவே நடக்கும்.

ஆடு என்றது செம்மறியா வெள்ளாடா என்பதும் கணக்கை மாற்றும். வெள்ளாட்டுப் பாலில் கொழுப்பு 4 விழுக்காட்டுப் பக்கம். அதில் ஏடு எளிதில் மிதக்காது, உறைய வைத்துக் கடைந்தால்தான் வெண்ணெய் திரளும். ஆனால் கறவை செம்மறியைவிடக் கூடுதல், நாளும் நீளும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது.

நவம்பர் 13, இன்னும் கொஞ்சம்

மேய்ச்சல் நிலத்தை அறிந்த ஒருவர் திருத்தியிருக்கிறார்: ஆடு ஆண்டு முழுவதும் பரவலாக ஈனாது, மழைக்குப் பின் பச்சை தழைக்கும் காலத்தில் கூட்டமாக ஈனும். அப்படியென்றால் சில மாதம் பால் வழியும், சில மாதம் சொட்டும் இராது. என் சராசரி அந்த மாதங்களில் செல்லாது.

ஒத்துக்கொள்கிறேன். கொடை பாலாக அல்லாமல் நெய்யாகக் கேட்கப்பட்டதன் காரணமே இங்கேதான் இருக்கிறது. பால் அன்றைக்கே கெடும், வெண்ணெய் சில நாளில் காறும். ஈரம் முழுதாகப் போக உருக்கிய நெய் பானையில் மாதக்கணக்கில் நிற்கும். பால் காலத்தில் சேர்த்து வறண்ட காலத்தில் அளக்கலாம். கோயிலுக்குத் தினம் உழக்கு, இடையருக்குப் பருவத்தில் பானை. இரண்டையும் இணைப்பது சரியாக உருக்கிய நெய்.

நவம்பர் 14

உருக்குவதில் என்ன கெடும்? மூன்று.

அவசரமாக இறக்கினால் நீர் நிற்கும். அந்த நெய்யை விளக்கில் ஊற்றினால் சுடர் சடசடவென்று தெறித்துப் படுத்துவிடும். பானையில் வைத்தால் நாறும். வெண்ணெய் உருகி, நுரை பொங்கி, அந்த நுரை அடங்கி, சலசலப்பு நின்று, அடியில் கசண்டு பொன்னிறமாக உட்கார்ந்த பிறகே இறக்க வேண்டும். சத்தம் நின்றதுதான் அடையாளம். கசண்டு கருகும்வரை விட்டால் நெய் கறுத்துச் சுடரில் புகை கூடும். கசண்டை வடிக்காமல் ஊற்றினால் திரியின் இழைகளுக்குள் அது அடைத்து, நெய் மேலேறாமல் திரியே எரிந்து தீரும்.

நவம்பர் 14, இரவு

திரி. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் உழக்கின் அளவே இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒரு நடுத்தரப் பஞ்சுத்திரி மணிக்கு 5 முதல் 10 கிராம் நெய் குடிக்கும். தடித்த திரி இன்னும் குடிக்கும். 24 மணி நேரத்துக்கு 120 முதல் 240 கிராம். நேற்றைய கணக்கின் இரு எல்லைகளையும் பாருங்கள்: 200 மில்லி உழக்கு என்றால் மணிக்கு ஏழரைக் கிராம், 336 மில்லி என்றால் 12¾ கிராம். ஆக, உழக்கு என்பது ஒரு திரி, ஒரு பகல், ஓர் இரவு. கொடைக்கணக்கின் மூலப்புள்ளி அந்த ஒற்றைத் திரி. திரிக்கு உழக்கு, உழக்குக்கு நாழி, நாழிக்கு ஆடு.

விளக்கு ஓயாமல் எரிய வேண்டுமென்றால் திரியைச் சற்று இறுக்கமாகத் திரிக்க வேண்டும். தளர்ந்த திரி பெரிதாக எரியும், புகைவிடும், நெய்யை விழுங்கும். முனையில் கரி மொட்டு கட்டினால் ஒளி சிவந்து மங்கும், அதைத் தட்டித் திரியைச் சிறிது தூண்ட வேண்டும். நிறைய தூண்டினால் மறுபடி புகை. மார்கழி இரவில் அகலின் ஓரத்தில் நெய் உறையும். சுடருக்கு அருகே மட்டும் உருகி நின்று, அந்தக் குளம் வற்றியதும், நெய் இருந்தும் விளக்கு அணைந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் அகலம் குறைந்த, குழிவான அகல் நல்லது. சுடரின் சூடு நெய் முழுவதையும் எட்டும்.

நவம்பர் 16

"விளக்கு விஷயம் இருக்கட்டும். உச்சியில் இருக்கும் 80 டன் ஒற்றைக் கல்லை எப்படி ஏற்றினார்கள்?"

இழைக்கு வெளியே போகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். சிகரம் ஒற்றைக் கல் அல்ல. பல கற்களைத் துண்டு துண்டாகச் செதுக்கிப் பொருத்தியது. விமானத்தின், அதாவது கருவறை மேல் எழும் கோபுரத்தின், உட்பகுதி கூடு. கல்வரிசைகளை உள்நோக்கிச் சிறிது சிறிதாக நீட்டி, மேலே போகப்போகக் குறுக்கி முடித்திருக்கிறார்கள். இதைக் கதலிகாகரணம் என்பார்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வதும் தவறு, வெயில் சாயும் நேரத்தில் போய் நின்றால் நிழல் காலடியில் கிடக்கும். பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

உச்சியைப் பற்றி வியக்க வேண்டுமென்றால் கல்வெட்டே இருக்கிறது. 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், ராஜராஜன் தூபித்தறியில் (விமான உச்சித் தண்டில்) வைக்கக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம் எடை. அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு (பொன் நிறுக்கும் எடை). அந்த அரைக் கழஞ்சைக்கூட விடாமல் எழுதி வைத்த கோயில் இது. 80 டன் கல் இருந்திருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பார்களா?

நவம்பர் 17

பணமாக வைத்த கொடைகள் எப்படி நடந்தன என்று கேட்டவருக்கு: அதே தர்க்கம்தான், ஆட்டுக்குப் பதில் காசு. கோயில் காசை ஊர்ச் சபைகளிடம் கொடுத்தது. வட்டி, காசுக்கு ஆட்டைவட்டம் (ஆண்டுதோறும்) அரைக்கால் காசு. இன்றைய கணக்கில் ஆண்டுக்கு 12½ விழுக்காடு. நெல்லாக அளப்பதென்றால் காசுக்கு முக்குறுணி. ஒரு காசுக்கு 2 கலம் நெல் என்று வைத்தால், அரைக்கால் காசுக்குக் கால் கலம், அதாவது 3 குறுணி. சரியாகப் பொருந்துகிறது. இப்படி வந்த வட்டியில்தான் திருமஞ்சன நீரில் இட ஏலக்காயும் செண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் வாங்கினார்கள்.

இதே முக்குறுணி இன்னொரு இடத்திலும் வருகிறது. திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நிசதம் 3 குறுணி நெல். ஆண்டுக்கு 1095 குறுணி, அதாவது 91¼ கலம். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், 400 பேருக்கு ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம். ஆடலுக்குக் கிடைத்தது பாடலுக்குக் கிடைத்ததைவிடச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு பெண்ணின் பெயரும், எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தாள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. மன்னன் பெயரைப் படிக்கும் கண்ணுக்கு அந்தப் பெயர்களையும் படிக்கப் பொறுமை வேண்டும். அவர்கள் இல்லாமல் அங்கே வழிபாடே நடந்திருக்காது.

நவம்பர் 18

கொடுத்தவர்கள் யார் என்பதும் பார்க்க வேண்டியது. பொதுவாகச் சோழர் காலக் கோயில்களில் அரசியர், அதிகாரிகள், வணிகர், படையினர், கோயிற்பெண்கள் எல்லாரும் விளக்கு வைத்தார்கள். சில விளக்குகள் பரிகாரம். வேட்டையில் குறி தவறி ஆள் மேல் அம்பு பட்டு இறந்தால், நாட்டார் கூடி விசாரித்து, வேண்டுமென்றே செய்ததல்ல என்று கண்டு, இறந்தவருக்காகக் கோயிலில் விளக்கு வைக்கச் சொன்ன கல்வெட்டுகள் உண்டு. கொலைக்குக் கொலை என்று போகாமல், அணையாத ஒரு சுடரைத் தண்டனையாக்கிய அந்தத் தீர்ப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

நவம்பர் 20

"இடையருக்கு இதில் என்ன லாபம்? கட்டாயச் சுமை போலத் தெரிகிறதே."

சுமை உண்டு. கொள்ளை நோய் வந்து மந்தை பாதியானால் ஒப்பந்தம் குறையாது, அவர் சொந்த ஆட்டைத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் வரவும் பாருங்கள். 96 பெட்டையில் ஆண்டுக்கு 70, 80 குட்டி ஈன்றால் பாதி பெட்டைக்குட்டி. சாவையும் கிழட்டையும் ஈடு செய்தபின் கிடாக்குட்டி முழுதும், பெட்டைக்குட்டியில் கொஞ்சமும் கையில் நிற்கும். மோர் அவருக்கு. எருவும் அவருக்கு. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் நிலத்துக்காரர் கூலி தருவது இன்றும் காவிரிப் படுகையில் நடக்கிறது, அன்றும் எருவுக்கு மதிப்பு இருந்திருக்கும். 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா வீதம் மூன்று நான்கு கிடா தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செலவும் அவருடையதே.

என் கணிப்பில் நல்ல ஆண்டில் லாபம், தொடர்ந்து இரண்டு வறட்சி வந்தால் கடன். எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் சில ஊர்களில் இடையருக்குப் புணை (ஜாமீன்) நின்றவர் பெயரையும் சேர்த்து வெட்டினார்கள்.

நவம்பர் 22

கோயிலுக்குப் போய்ப் பார்க்கப் போகிறவர்களுக்கு. விளக்குக் கொடையைக் கண்டுபிடிக்க முழுக் கல்வெட்டையும் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எண் சில இடத்தில் எழுத்தால் 'தொண்ணூற்றாறு' என்றிருக்கும், சில இடத்தில் குறியீட்டில் ௯௰௬ என்றிருக்கும். சுழியம் கிடையாது, ஒன்பது, பத்து, ஆறு என்று மூன்று குறி. 48 என்றால் ௪௰௮. 90 என்றால் ௯௰ மட்டும். புள்ளி வைத்த எழுத்தை எதிர்பார்க்காதீர்கள், மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோலவே நிற்கும். எகர ஏகார வேறுபாடும் இராது. வரி கல்லின் ஓரத்தில் முடியாது, அடுத்த கல்லுக்குத் தாண்டும். சொல் பாதியில் நின்றால் இடுக்குக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் சுவரைப் பக்கவாட்டில் தடவிப் போகும்போது வெட்டின் நிழல் விழுந்து தானே எழும்பும். மாவையோ சுண்ணாம்பையோ எழுத்தில் தேய்த்துப் படம் எடுக்க வேண்டாம். தேய்ப்பு எழுத்தின் விளிம்பை மழுங்க வைக்கும்.

நவம்பர் 23

விளக்கு எண்ணெய்ப் புகை பற்றிக் கேட்டவருக்கு: ஆம், கேடு உண்டு. உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால வண்ணப் பூச்சுக்கு அடியில் இருந்து 1931இல்தான் வெளிப்பட்டன. அத்தகைய சுவருக்கு அருகே புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியக் கூடாது. எந்தப் பழங்கோயிலிலும் சுவரிலோ தூணிலோ அகலை ஒட்டி வைக்காமல், அதற்கென்று வைத்த மேடையில் வைத்தால் போதும். நெய் ஊற்றினால் சுத்தமாக உருக்கியதாக இருக்கட்டும், திரி ஒன்று போதும்.

நவம்பர் 25

பாண்டிநாட்டின் 50 ஆட்டுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அங்கும் ஆடும் பசுவும் 50க்கு 25, அதே இரண்டுக்கு ஒன்று. விகிதம் மாறவில்லை, தொகைதான் மாறியிருக்கிறது. ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி என்ற என் வீதம் அங்கே செல்லாது. உழக்கு நெய்யே கேட்டிருந்தால் ஆடு ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நாழி ஆகிறது. அங்கே நாழி சிறியதாக இருக்க வேண்டும், அல்லது இடையரிடம் கேட்ட வீதம் கடுமையானது. ஒரே ஊரில் ஆட்டுத்தொகை, நாள் நெய், அளந்த நாழியின் பெயர் மூன்றும் சேர்ந்து வரும் பாண்டிநாட்டுக் கல்வெட்டு வாசகம் கையில் இருப்பவர்கள் இங்கே முழுதாகப் போடவும். வகுத்துப் பார்த்துவிடலாம்.